முப்பத்தெட்டா, முந்நூற்று ஐம்பத்தேழா?

சென்ற இதழில் ஏர் பிஸ்டல் பழகுவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ரிவால்வரைப் பற்றிக் கேட்கின்றன, அதுவும் வெளிநாட்டில் இருக்கும் மகன், மகள், அக்கா, அண்ணனுக்காக. அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டேன், ரிவால்வர் மட்டும்தான்.

கேள்வி: மகளும் மாப்பிள்ளையும் டல்லாஸில் இருக்கிறார்கள், இருவருக்கும் கிரீன் கார்டு உண்டு. வீட்டுப் பாதுகாப்புக்கும் வார இறுதியில் ரேஞ்சில் சுடுவதற்கும் சேர்த்து ஒரே ரிவால்வராக வாங்கப் போகிறார்களாம். மாப்பிள்ளை .357 மேக்னம்தான் வேண்டும் என்கிறார், மகள் .38 போதும் என்கிறாள். போன் போட்டாலே இதே பேச்சு. யார் சொல்வது சரி? (வாசகர், செங்காங்)

பதில்: மாப்பிள்ளை கேட்கும் துப்பாக்கியை வாங்கி, மகள் கேட்கும் தோட்டாவைப் போடச் சொல்லுங்கள். .357 மேக்னத்துக்காகச் செய்த ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் தாராளமாகச் சுடலாம்.

எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றுதான், .357 அங்குலம், அதாவது 9 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். .38 என்பது குண்டின் அளவே இல்லை, பழைய காலத்தில் தோட்டா உறையின் வெளி அளவை வைத்துக் கூப்பிட்டது அப்படியே நிலைத்துவிட்டது. .38 ஸ்பெஷலை ஸ்மித் அண்ட் வெஸன் 1898-இல் கொண்டு வந்தது. அதே நிறுவனம் 1935-இல் அந்த உறையை மூன்றரை மில்லிமீட்டர் போல நீட்டி .357 மேக்னம் என்று விற்றது. நீட்டியதற்குக் காரணம் வெடிமருந்து கூடுதலாகப் போட இடம் வேண்டும் என்பதல்ல, புதிய தோட்டாவை யாரும் தெரியாமல் பழைய .38 ரிவால்வரில் போட்டுவிடக் கூடாது என்பதுதான். அமெரிக்கத் தொழில்தர அளவுப்படி .38 ஸ்பெஷலின் உள்ளழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, .357-க்கு 35,000. இரண்டு மடங்கு! ஆகவே .357 துப்பாக்கியில் .38 போகும், .38 துப்பாக்கியில் .357 போகாது, போகவும் கூடாது.

சரி, வேகம் கூடினால் நல்லதுதானே என்று மாப்பிள்ளை கேட்பார். 158 கிரெய்ன் எடையுள்ள (பத்து கிராமுக்குச் சற்று மேல்) குண்டு .38-இல் வெளியேறும்போது சுமார் 270 ஜூல் ஆற்றலோடு போகிறது, .357-இல் 700 ஜூலைத் தாண்டும். காட்டில் கரடி நடமாடும் இடத்தில் முகாம் போடுகிறவருக்கு அது வேண்டும். டல்லாஸ் படுக்கையறையில் நடுராத்திரி அதைச் சுட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். காதை ஒரே வெடிப்பில் கெடுக்கும் எல்லை 140 டெசிபல் என்பார்கள், .357 அதை வெகுவாகத் தாண்டிப் போகும், மூடிய அறையில் காது மூடி இல்லாமல் கேட்டால் அடுத்த சில நிமிடம் மனைவி கத்துவதும் போலீஸ்காரர் கத்துவதும் காதில் விழாது. குழல் வாயில் எழும் தீப்பிழம்பு வேறு இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கூசவைக்கும். இன்னொன்று, அங்கே வீட்டின் உள்சுவர் நம் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீடு மாதிரி கான்கிரீட் இல்லை, ஜிப்சம் பலகை. எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் அதில் இரண்டு மூன்றைத் துளைத்துக்கொண்டு குழந்தை தூங்கும் அறைக்குள் போய்விடும், .38-ம்தான். அதனால் எந்தத் திசையில் சுடலாம், எந்தத் திசையில் கூடவே கூடாது என்பதை வீட்டில் இருவரும் பகலிலேயே நடந்து பார்த்துப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். தோட்டா எது என்ற வாக்குவாதத்தைவிட அது முக்கியம்.

தற்காப்புத் தோட்டாவை எடைபோட அமெரிக்காவில் பெரும்பாலும் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அளவுகோலைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் இறந்தார்கள், எதிராளிமேல் பட்ட குண்டு போதிய ஆழம் போகவில்லை என்று பிறகு பேசப்பட்டது. அப்புறம் வந்ததுதான் இந்தச் சோதனை: உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டியில் குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை போக வேண்டும். நல்ல .38 ஸ்பெஷல் ‘பிளஸ் பி’ தோட்டாக்களில் இதை எட்டுகிறவை இருக்கின்றன. பிளஸ் பி என்றால் சாதாரண .38-ஐவிட அழுத்தம் கொஞ்சம் கூடுதல், மேக்னம் அளவுக்கு இல்லை. முனையில் குழி வைத்த ஹாலோ பாயிண்ட் குண்டில், குட்டைக் குழலுக்கென்றே செய்தவையும் கிடைக்கின்றன. தேவையான ஆழத்தை .38-ஏ எட்டிவிடும்போது .357-இன் மீதிச் சக்தி எங்கே போகிறது? பெரும்பகுதி சுடுகிறவர் கைக்குத்தான்.

இந்தக் கை விஷயத்தில்தான் கடைக்காரர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். 340 கிராம் எடையில் ஸ்காண்டியம் கலந்த லேசான உலோகத்தில் .357 ரிவால்வர் இருக்கிறது, சட்டைப் பையில் வைத்தால் தெரியக்கூடத் தெரியாது. அதில் மேக்னம் சுட்டவர்கள் முதல் சிலிண்டர், அதாவது தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளை, காலியானதும் கையை உதறிக்கொண்டு துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள், அடுத்த வாரம் ரேஞ்சுக்கு வரவும் மாட்டார்கள். காலி லாரி மேடுபள்ளத்தில் குதிக்கிற மாதிரிதான், எடை இல்லாத துப்பாக்கி குதிக்கும். போதாக்குறைக்கு இரண்டு அங்குலக் குழலில் மேக்னம் மருந்து முழுக்க எரிவதற்குள் குண்டு வெளியேறிவிடுகிறது. சத்தமும் நெருப்பும் முழுசாக வரும், வேகம் முழுசாக வராது.

வீட்டுக்கும் ரேஞ்சுக்கும் ஒன்றே போதும் என்றால் நான் சொல்வது நான்கு அங்குலக் குழல், எஃகு உடம்பு, ஒரு கிலோவை ஒட்டிய எடை. ரூகர் ஜி.பி. 100, ஸ்மித் அண்ட் வெஸன் 686 இரண்டும் அந்த ரகம், இரண்டுமே 1980-களில் வந்து இன்றும் ஓடுகின்றன. பழகுவதற்கு சாதாரண .38, வீட்டில் வைக்க .38 பிளஸ் பி. மாப்பிள்ளைக்கு ஆசையாக இருந்தால் ரேஞ்சில் மாதம் ஒரு தடவை மேக்னம் சுட்டுக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றார்கள்! ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: நீளம் குறைந்த .38-ஐ நிறையச் சுட்டால் சிலிண்டர் அறைக்குள் வளையமாகக் கரி படியும், அதைப் பித்தளைத் தூரிகையால் தேய்த்து எடுக்காமல் .357-ஐச் செருகினால் உள்ளே முழுக்கப் போகாது, போனாலும் உறை சிக்கிக்கொள்ளும்.

கேள்வி: என் தம்பி நியூ ஜெர்சியில் எச்-1பி விசாவில் வேலை செய்கிறான். நண்பர்கள் எல்லாம் வாங்கிவிட்டார்கள், நானும் ஒரு .38 வாங்கட்டுமா என்கிறான். (வாசகர், புக்கிட் பாஞ்சாங்)

பதில்: வாங்க வேண்டாம் என்று இன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள். வேலை விசா, மாணவர் விசா போன்ற குடியேறாதோர் விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் அந்த விலக்கு தனக்குப் பொருந்துமா என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும், நண்பர்களும் நானும் அல்ல. கடையில் நிரப்பும் படிவத்திலேயே குடியுரிமை, விசா நிலை பற்றிய கேள்விகள் வரும், அங்கே பொய் எழுதினால் அதுவே தனிக் குற்றம். நண்பர் துப்பாக்கியை வாங்கித் தம்பியிடம் கொடுத்து வைப்பதும் அதே வம்புதான். போதாததற்கு நியூ ஜெர்சி அங்கே துப்பாக்கிச் சட்டம் கடுமையாக உள்ள மாநிலங்களில் ஒன்று. விசாவும் போய் வேலையும் போய் ஊருக்கு வர வேண்டியிருக்கும். எந்தக் காலிபரும் (குண்டின் விட்ட அளவு) அதற்கு ஈடில்லை.

கேள்வி: .44 மேக்னம்தான் எல்லாவற்றுக்கும் பெரியது என்கிறார்களே, ஒரேயடியாக அதை வாங்கினால் என்ன? (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: பெரியது என்பது பழைய கதை. .44 மேக்னம் 1955-இல் வந்தது, 2003-இல் வந்த .500 ஸ்மித் அண்ட் வெஸன் முன்னால் அது சின்னப் பையன். இரண்டுமே வேட்டைக்கானவை. வீட்டுப் பாதுகாப்புக்கு என்று யாராவது உங்களிடம் பரிந்துரைத்தால் அவர் அதை எத்தனை தடவை சுட்டிருக்கிறார் என்று கேளுங்கள்.

கேள்வி: புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் பெரியண்ணன் உரிமம் வாங்கி .32 ரிவால்வர் வைத்திருக்கிறார். அமெரிக்காவில் .32-ஐ யாரும் மதிப்பதில்லை என்று படித்தேன். ஏன் இந்தியாவில் மட்டும் எல்லாரும் .32 வைத்திருக்கிறார்கள்? அது உதவாதா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: விருப்பப்பட்டு வைத்திருக்கவில்லை, வேறு வழி இல்லை. ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் .38, 9 மில்லிமீட்டர் போன்ற அளவுகள் இந்தியாவில் சாதாரண ஆளுக்குத் தடைசெய்யப்பட்டவை. அது வெள்ளைக்காரன் காலத்துப் பயம், அரசுக் கிடங்கிலிருந்து திருடிய தோட்டா வெளியே இருக்கும் துப்பாக்கிக்குப் பொருந்திவிடக் கூடாது என்பது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959 ஆயுதச் சட்டத்திலும் அந்தப் போக்கு தொடர்ந்தது. மிச்சம் இருந்தது .32, கான்பூர் அரசுத் தொழிற்சாலை அதையே செய்து விற்றது. அண்ணன் வைத்திருப்பது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும், பழைய பிரிட்டிஷ் வெப்ளி ரிவால்வர் போல நடுவில் மடங்கித் திறக்கும். 2014-இல் ‘நிர்பீக்’ என்ற பெயரில் டைட்டானியம் கலவையில் அரைக் கிலோ எடைக்கு ஒன்றைச் செய்து பெண்களுக்கென்று சொல்லி விற்றார்கள், அதுவும் .32தான்.

அதில் போடும் தோட்டா அமெரிக்காவில் .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங் எனப்படும், 1896-இலிருந்து இருக்கிறது. ஆற்றலைப் பார்த்தால் .38 ஸ்பெஷலில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் மதிப்பதில்லை என்று சொன்னவர் சர்வதேசப் போட்டிகளைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் இதே தோட்டாவைத்தான் முனை தட்டையாக வெட்டிய குண்டோடு பல வீரர்கள் சுடுகிறார்கள். சுடும்போது கையில் அடிக்கும் உதை குறைவு, குறி பிசகாது. தற்காப்புக்கு அது வலுக்குறைந்ததுதான், மறுக்கவில்லை. ஆனாலும் பட வேண்டிய இடத்தில் பட்ட .32 படாமல் போன .357-ஐவிட மேல்.

அண்ணன் விஷயத்தில் எனக்குக் கவலை வேறு. உரிமத்தில் வருஷத்துக்கு இத்தனை தோட்டா என்று கணக்கு எழுதியிருப்பார்கள், அதில் பழகுவதற்கு என்று செலவழிக்க யாருக்கும் மனம் வராது. பீரோவில் புடவைக்கு நடுவே எத்தனையோ வருஷமாகக் கிடக்கும் தோட்டா, தேர்தல் அறிவித்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கும் துப்பாக்கி, சுட்டதே இல்லாத கை. இந்த மூன்றும் சேர்ந்தால் காலிபரைப் பற்றிப் பேசி என்ன பயன்? பழைய தோட்டாவை உரிய இடத்தில் கொடுத்துப் புதிது வாங்கச் சொல்லுங்கள், பக்கத்து மாவட்டத்தில் ரைஃபிள் கிளப் இருந்தால் சேர்ந்து முறையாகச் சுடச் சொல்லுங்கள். கல்யாணத்திலோ திருவிழாவிலோ வானத்தைப் பார்த்துச் சுடுவது மட்டும் கூடாது, 2019 சட்டத்திருத்தப்படி அதற்கு இரண்டு வருஷம் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அப்புறம், லீவுக்குப் போகும் நீங்கள் அதைக் கையில் எடுத்துப் படம் பிடித்துப் போடாதீர்கள். உரிமம் அவர் பெயரில், உங்கள் பெயரில் இல்லை.

கேள்வி: அக்கா ஃபீனிக்ஸில் தனியாக இருக்கிறார், அமெரிக்கக் குடிமகள், வயது எழுபதை நெருங்குகிறது. விரல் மூட்டுவலி. பக்கத்து வீட்டுக்காரர் .22 போதும் என்று சொல்லி வாங்கிக் கொடுக்கப் பார்க்கிறார். நம்பலாமா? (வாசகி, தோ பாயோ)

பதில்: உதையை மட்டும் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது சரி. .22-இல் உதையே கிடையாது, தோட்டாவும் மலிவு, சிலிண்டரில் எட்டுக்கூடப் பிடிக்கும். ஆனால் இரண்டு விஷயத்தை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

முதலாவது, .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்பைச் சுற்றித் தடவியிருக்கும். சில இடத்தில் அது சரியாகப் பரவாமல் போய் சுத்தியல் அடித்தும் வெடிக்காமல் இருப்பது .38-இல் நடப்பதைவிட அதிகம். ரிவால்வராக இருப்பதால் மறுபடி விசையை இழுத்தால் அடுத்த தோட்டா வந்துவிடும், அந்த மட்டில் பரவாயில்லை. இரண்டாவது அக்காவுக்கு நேரடியாகப் பொருந்துவது: அந்த விளிம்பை நசுக்கிப் பற்றவைக்க வலுவான சுருள்வில் வேண்டும், அதனால் .22 ரிவால்வரின் விசை பெரும்பாலும் .38-ஐவிடக் கடினம். சுத்தியலை முன்னாலேயே இழுத்து வைக்காமல் ஒரேயடியாக விசையை இழுக்கும்போது ஐந்து கிலோ, ஆறு கிலோவுக்கு இழுக்க வேண்டியிருக்கும். உதை இல்லை என்று வாங்கிவிட்டு இழுக்கவே முடியாமல் போனால்?

அதனால் கடையில் காலித் துப்பாக்கியைக் கடைக்காரரிடம் சரிபார்த்து வாங்கி, ஆள்காட்டி விரலால் பத்துத் தடவை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பத்தாவதிலும் குழல் ஆடாமல் இருந்தால் மேற்கொண்டு பேசலாம். எனக்குப் பிடித்த தேர்வு, கொஞ்சம் எடையுள்ள எஃகு .38 ரிவால்வரில் 148 கிரெய்ன் வாட்கட்டர். அது காகித இலக்கில் பஞ்ச் வைத்தது போல வட்டமாகத் துளை போடுவதற்கென்று செய்த குண்டு, மெதுவாகப் போகும், உதை கம்மி, ஆழமும் போதும். கை பலவீனமானவர்களுக்கு இதைச் சொல்லும் பயிற்றுநர்கள் அமெரிக்காவில் நிறையப் பேர். அதுவும் கஷ்டம் என்றால் .327 ஃபெடரல் மேக்னம் ரிவால்வரைப் பார்க்கலாம். அதில் மேக்னத்தைத் தொடவே வேண்டாம், .32 எச் அண்ட் ஆர் மேக்னமோ மேலே சொன்ன புதுக்கோட்டை .32-ஓ போட்டுச் சுடலாம், அதே அளவுத் துப்பாக்கியில் ஐந்துக்குப் பதில் ஆறு பிடிக்கும். தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்காது என்பதுதான் குறை. வாங்கும் முன் வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சில் எல்லாவற்றையும் சுட்டுப் பார்க்கட்டும். அக்கா கையில் நல்ல பூட்டும், வாசல் விளக்கும், உடனே கூப்பிடக்கூடிய எண்ணும் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள், தனியாக இருப்பவருக்குத் துப்பாக்கி கடைசியில் வருவது.

கேள்வி: நான் தேசிய சேவையைக் காவல்துறையில் செய்தவன். ஐந்து தோட்டா ரிவால்வர்தான் கொடுத்தார்கள். அது போதும் என்று எப்படி முடிவு செய்தார்கள்? (வாசகர், பிடோக்)

பதில்: நீங்கள் இடுப்பில் கட்டியது டாரஸ் 85 ஆக இருக்கும், .38 ஸ்பெஷல். அதற்கு வெகு முன்னால் இங்கே வெப்ளி இருந்தது. சேகரிப்பாளர்கள் இன்றும் தேடும் பொருள் அது, ஏனென்றால் சிங்கப்பூர் காவல்துறைக்கென்று செய்த வெப்ளியில் பாதுகாப்புத் தாழ் வைத்திருந்தார்கள், ரிவால்வரில் அப்படி வைப்பது அபூர்வம். அதன் தோட்டா பிரிட்டிஷ் .38, பெயரில் மட்டும் ஒற்றுமை, .38 ஸ்பெஷலும் அதுவும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாதவை.

ஐந்து போதுமா என்றால், கூட்டம் நெரியும் தேக்காவிலோ எம்ஆர்டி நடைமேடையிலோ சுட வேண்டி வந்தால் எத்தனை தோட்டா இருக்கிறது என்பது பெரிய கேள்வியே இல்லை, ஒவ்வொன்றும் எங்கே போய் நிற்கும் என்பதுதான் கேள்வி. பொதுமக்களிடம் துப்பாக்கி அநேகமாக இல்லாத ஊரில் ரிவால்வர் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. பயங்கரவாத மிரட்டல் வந்த பிறகு கணக்கு மாறிவிட்டது, இப்போது கிளாக் 19 பிஸ்டல் அந்த இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: சிங்கப்பூரில் வீட்டுப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கி ஒரு ரிவால்வர் வைத்துக்கொள்ள முடியுமா? (வாசகர், ஈசூன்)

பதில்: அந்த ஆசையை விட்டுவிடுங்கள். சுடும் கழகத்தில் சேரலாம், முறைப்படி அனுமதி பெற்று .22-ஓ அதற்கு மேலோ பழகலாம், ஆனால் துப்பாக்கி ஆயுதக் கிடங்கில் இருக்கும், உங்களோடு பேருந்து ஏறி வீட்டுக்கு வராது. 1973 ஆயுதக் குற்றச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலே ஐந்து முதல் பத்து வருஷம் சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. ஒருவரைக் காயப்படுத்தும் நோக்கத்தில் சுட்டாலோ சுட முயன்றாலோ மரண தண்டனை, குண்டு யார்மேலும் படாவிட்டாலும் சரி. சுடுவது பிடிக்கும் என்றால் விளையாட்டாகப் பழகுங்கள், 2018 காமன்வெல்த் போட்டியில் மார்ட்டினா வெலோசோ இரண்டு தங்கம் வாங்கியது இந்தச் சின்ன ஊரிலிருந்து போய்த்தான்.

கேள்வி: ஹூஸ்டனில் ரேஞ்சுக்குப் போன மருமகன் காலித் தோட்டா உறையில் சாவிக்கொத்து செய்து எனக்குக் கொண்டு வருகிறானாம். காலி உறைதானே, பிரச்சினை வருமா? (வாசகி, பொங்கோல்)

பதில்: வரும். காலி உறையும் இங்கே கட்டுப்படுத்தப்பட்ட பொருள், காவல்துறை அனுமதி இல்லாமல் கொண்டுவரக் கூடாது, சாங்கியில் எக்ஸ்ரேயில் அது பளிச்சென்று தெரியும். ரிவால்வர் வடிவத்தில் சிகரெட் லைட்டர் வாங்கி வருகிறேன் என்று சொன்னால் அதுவும் வேண்டாம், அது தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலிலேயே இருக்கிறது. ஆசைக்குச் சுட்ட காகித இலக்கை மடித்துக் கொண்டு வரச் சொல்லுங்கள், துளையோடு சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். ரேஞ்சுக்குத் தூக்கிப்போன பையை விமானத்துக்குக் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லுங்கள், அடித் தையலில் ஒரு முழுத் தோட்டா உருண்டு கிடந்து தெரியாமல் வந்து மாட்டிக்கொள்வது அவ்வப்போது நடக்கிறது.